இருளாயி மடித்த பூப்பொட்டலம்

என் தங்கச்சி இருளாயியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் ஈப்போ சிலிபினில் லாரிப் பட்டறை என்றால் இன்றைக்கும் என் பெயரைத்தான் சொல்வார்கள். போனட்டைத் திறக்காமல், சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

இருளாயி அப்படி இல்லை. எதையும் சாமியிடம் கேட்டுத்தான் செய்வாள். தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே பால் வெட்டப் போனவள். தோட்டத்தை விற்றதும் ஈப்போவுக்கு வந்து, புருஷனும் போன பிறகு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். நல்லது கெட்டது எதுவானாலும் பழைய தோட்டத்து முனியாண்டி முன்னால் பூ போட்டுப் பார்ப்பாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

மூத்தவன் சுகுமாரன் கோலாலம்பூரில் காலேஜுக்குப் போகலாமா என்று அவனை மட்டும் கூட்டிப்போய்க் கேட்டாள். வெள்ளை வந்தது. போனான். வருஷம் முடியுமுன்னே திரும்பி வந்தான். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அறைக்குள் போனவன் போனவன்தான். சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது சின்னவள் ஷர்மினிக்கு ஜொகூரில் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது.

"அண்ணே, இவ தாங்குவாளா?"

"என் மருமக லா. தாங்குவா."

என் வாக்கு பட்டறையில் செல்லும், தங்கச்சியிடம் செல்லவில்லை. "முனிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்ணே" என்றாள்.

என் ஹைலக்ஸ் வண்டியில்தான் போனோம். தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. மத்தியானத்திலேயே உள்ளே இருட்டு. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு எந்த இடமென்றே தெரியவில்லை. கோயில் மட்டும் தனியாக நின்றது. முனி காலடியில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஓர் ஆளைக் காணோம்.

இருளாயி முதுகைக் காட்டி உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் பூவை மடித்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

"பரீட்சை எனக்கா, உனக்காம்மா?" என்று ஷர்மினி சிரித்தாள்.

"வாய மூடிட்டு எடுடி."

எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"முனியப்பா!" என்று இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஷர்மினிக்கும் படவில்லை போல. குனிந்து அடுத்த பொட்டலத்தையும் எடுத்தாள்.

"அதத் தொடாதடி!"

பிரித்துவிட்டாள். அதிலும் சிவப்பு.

ஷர்மினி இரண்டு இலையையும் அம்மா முன்னால் விரித்து வைத்தாள்.

"அண்ணன் போனப்ப என்னம்மா மடிச்சே?"

"ரெண்டும் வெள்ளை." இருளாயி தரையைப் பார்த்தே பேசினாள். "அவன் எப்படியாச்சும் படிக்கணும்னு சாமிய ஏமாத்துனேன். அதான் சாமி அவனப் புடிச்சு உக்கார வச்சிருச்சு. உன்னையும் குடுக்க மாட்டேன்."

"அப்ப முனிகிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கல." ஷர்மினி என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க. போலாமா?"

பெத்தவள் கத்தக் கத்த இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கிற பிள்ளை எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். "போ" என்றேன். "ஏதாச்சும்னா முனி என்கிட்ட வரட்டும். சிலிபின்ல யாரக் கேட்டாலும் என் பட்டறைக்கு வழி சொல்லுவாங்க."

"அப்படிப் பேசாதண்ணே!" என்று இருளாயி என் வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்கு வந்தோம். சுகுமாரனின் தட்டு வைத்தபடியே இருந்தது. நாங்கள் தாண்டிப் போகும்போது கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. எத்தனையோ மாதம் கழித்து.

"என்ன பூ வந்துச்சு?"

எங்கே போனோம் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஷர்மினி கதவோரம் உட்கார்ந்தாள். "ரெண்டும் சிவப்புண்ணா. நான் பிரிச்சுப் பாத்தேன். ஆனாலும் போறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவனும் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "நானும் அன்னைக்கு ரெண்டாவதப் பிரிச்சுப் பாத்தேன்" என்றான்.

உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது.

இருளாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவன் பாத்துட்டு வாய மூடிட்டுப் போனான். இவ உன் மூஞ்சிக்கு நேரா கேட்டா. அது வேற, இது வேற" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே வண்டி ஓட்டுகிறேன். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் நான் இல்லை. ஷர்மினியின் பெட்டி கூடத்தில் தயாராக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், கதவடியில், சுகுமாரனின் தட்டு. நேற்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.