நானூற்றுப் பதிமூன்றுக்காக நின்ற வண்டி

ஆம்பூரில் கன்னியப்பனை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் எதையாவது ஓட்டி அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. வெற்றிலைக் கடைப் பக்கம் போனால் போதும், "இன்னா டிரைவரே, வண்டி எப்போ கெளம்புது?" என்று எவனாவது ஆரம்பித்துவிடுவான். சிரிப்பு அடங்குவதற்குள் கன்னியப்பன் தெருமுனை தாண்டிப் போயிருப்பான்.

ஆனால் அவனுக்கு ஓட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். பெரிய சண்டையின்போது கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து அரபு தேசத்துப் பஸ்ராவுக்குக் கப்பலேறியவன் அவன். மூட்டை தூக்கத்தான் கூட்டிப் போனார்கள். அங்கே லாரிக்காரன் ஒருவன் காய்ச்சலில் படுத்ததும், பக்கத்தில் நின்ற இவனைப் பிடித்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருஷம் மணலிலும் சேற்றிலும் ஓட்டினான். சண்டை முடிந்தது. லைசென்சு, காக்கிக் கோட்டு, இனிமேல் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதில்லை என்ற சபதம், மூன்றோடும் ஊர் வந்து சேர்ந்தான்.

சபதம் ஒரு மாதம் நின்றது. ஊரில் மோட்டாரே இல்லாதபோது டிரைவர் என்ன செய்வான்? அப்பன் இறங்கிய அதே தோல் பதனிடும் ஷாப்பில், அதே தொட்டியில் இவனும் இறங்கினான். ஊறிய தோலைக் கோலால் புரட்டிப் புரட்டி மேலே இழுத்துப் போடுகிற வேலை. சுண்ணாம்பு முதலில் நகத்தைத் தின்னும், அப்புறம் நகத்தைச் சுற்றியுள்ள சதையைத் தின்னும். பொழுது சாய வீட்டுக்கு வந்தால் அவனால் சோற்றைப் பிசைய முடியாது. அவன் மனைவி அமிர்தவள்ளிதான் பிசைந்து கொடுப்பாள். இப்படியே ஏழு வருஷம் ஓடிப்போனது.

அப்புறம் ஒரு நாள் ஷாப்பு முதலாளி அஹமது பாஷா கார் வாங்கினார். "நீதான் டிரைவர் கன்னியப்பா. வண்டிக்கு நம்பர் வந்த அன்னிக்கே தொட்டியை விட்டு மேலே வந்துடு" என்று ஷாப்பு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரியே காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டான்.

கார் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது. அங்கேயே பதிந்து நம்பரோடு ஓட்டி வந்திருக்கலாம், கம்பெனிக்காரன் அப்படித்தான் சொன்னானாம். பாஷா கேட்கவில்லை. நம் ஜில்லா எழுத்து போட்டு, வேலூரில் பதிந்த நம்பர்தான் வேண்டும் என்றார். நம்பர் இல்லாமல் ரோட்டில் ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஆகையால் ஸ்டேஷனிலிருந்து ஷாப்பு வரைக்கும் புதுக் காரை இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தான் கன்னியப்பன். ஊரே வேடிக்கை பார்த்தது. "டிரைவரே, ஹாரன் அடி, மாடு ஒதுங்கும்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒரு நாள் அவமானம், போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் பாஷா வாயைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவருக்கு ஏதோ ஒரு நம்பர் போதாது, நானூற்றுப் பதிமூன்றுதான் வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. பாஷாவின் ஷாப்பிலிருந்து கப்பலுக்குப் போகும் தோல் கட்டு ஒவ்வொன்றின் மேலும் ஒரு டைமண்டு கட்டம் வரைந்து, நடுவில் 413 என்று மை தடவி அனுப்புவார்கள். அவர் அப்பா காலத்து மார்க்கா அது. லண்டன் ஏலத்தில் அந்த நம்பரைப் பார்த்தால் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே வாங்குவார்களாம். ஊரிலும் அவருக்கு நானூத்திப் பதிமூணு சாயபு என்றுதான் பெயர். "கட்டுல இருக்கிற நம்பர் கார்ல இல்லேன்னா, அது யாரோட கார்?" என்றார் பாஷா.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கன்னியப்பனை வேலூருக்கு அனுப்பினார். கையோடு ஒரு தகடும் கொடுத்துவிட்டார். கட்டுக்கு மார்க்கா போடும் வேலுவைக் கூப்பிட்டு, டைமண்டு கட்டம் போட்டு அழகாக எழுதி வாங்கிய தகடு அது.

வேலூரில் வண்டி பதியும் ஆபீசில் சீனிவாசன் என்ற குமாஸ்தா இருந்தார். தகட்டைக் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னப்பா, தோல் மூட்டையா? கறுப்புத் தகட்டுல வெள்ளை எழுத்து. எழுத்து இத்தனை அங்குலம், நடுவுல இடைவெளி இத்தனை அங்குலம்னு சட்டம் இருக்கு. கட்டம், பூ, பேரு ஒண்ணும் கூடாது."

"கட்டத்தை அழிச்சுடறோம் சார். நம்பரு மட்டும் குடுத்துடுங்க."

"இன்னிக்கு வந்தா முன்னூத்தித் தொண்ணூத்தி நாலு. அதுதான் அடுத்தது."

"நானூத்திப் பதிமூணு வேணும்னு சொல்றார் சார் மொதலாளி."

சீனிவாசன் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்ட நம்பரை எடுத்துக் குடுக்கச் சட்டம் இல்லை. வரிசையா வர்றதுதான். உங்க மொதலாளி இல்லே, கவர்னரே வந்து நின்னாலும் அன்னிக்கு எது வருதோ அதான். நானூத்திப் பதிமூணுதான் வேணும்னா நானூத்திப் பன்னெண்டு போன பிறகு வா."

நடுவில் பத்தொன்பது வண்டிகள் இருந்தன. கன்னியப்பன் ரயிலில் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். பாஷா அதைக் கேட்டு முகம் மலர்ந்தார். "பத்தொம்பதுதானே? ரெண்டு மாசத்துல வந்துடும். ஜாஸ்தி பேஜார் பண்ணிக்காதே. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருப்பியா இன்னா? தொட்டில இரு."

ஆக, முன்பு வண்டி இல்லாமல் தொட்டியில் கிடந்தவன் இப்போது வண்டியை வைத்துக்கொண்டு தொட்டியில் கிடந்தான். எது மோசம் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

காலையில் வேலைக்கு முன்னால் கார் நிற்கும் கொட்டகைக்குப் போவான். கோணிப் படுதாவை விலக்கி, ஹேண்டில் போட்டுச் சுற்றுவான். என்ஜின் இரண்டு உறுமல் உறுமிக் கிளம்பும். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். எதிரே கொட்டகைச் சுவர்தான். அணைத்துவிட்டு இறங்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தொட்டிக்குப் போவான். பின் சீட்டில் கோழி முட்டையிட ஆரம்பித்தது. அதை விரட்டுவதும் டிரைவர் வேலையில் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமைதோறும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பாலாற்றைக் கடந்து வேலூர் ஆபீசுக்குப் போய் நம்பர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து வருவான். ஒரு வாரம் ஒன்று கூடியிருக்கும், ஒரு வாரம் மூன்று கூடியிருக்கும், மழை மாதத்தில் ஒன்றுமே நகராது. நகராத சனிக்கிழமைகளில் அவன் முகத்தைப் பார்த்தே அமிர்தவள்ளி புரிந்துகொள்வாள்.

"வண்டி வாங்காத ஜனத்தைத் திட்டுறியே, நம்பரைப் புடிச்சுத் தொங்கற உங்க சாயபுவை ஒரு வார்த்தை கேட்டியா?" என்பாள்.

"நாலு பேர் முன்னாடி வாக்கு குடுத்திருக்கார்டி."

"வாக்கு குடுத்தவர் கை நல்லாத்தான் கீது. உன் கையைப் பாரு."

ஒரு சனிக்கிழமை ஆபீசில் மேல்விஷாரம் மக்பூல் அகமதுவைப் பார்த்தான். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் பஸ் விடப்போகிறவர் அவர். அன்று அவர் பஸ்ஸுக்கு முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு விழுந்தது. இவன் பஸ்ராவில் ஓட்டியவன் என்று சீனிவாசன் சொல்லக் கேட்டு, வாசலில் இவனைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு டிரைவர் இல்லேப்பா. திங்கக்கிழமையே வண்டி ஏறு. வர்றியா?"

கன்னியப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "நான் நானூத்திப் பதிமூணுக்கு டிரைவருங்க" என்றான்.

இன்னும் பிறக்காத நம்பருக்கு டிரைவராம்! மக்பூல் அகமது சிரிக்காமல் போனது அவருடைய பெருந்தன்மை.

இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. நம்பர் நானூற்றுப் பதினொன்றுக்கு வந்து நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. ஒரு சனி, இரண்டு சனி, ஐந்து சனி. இன்னும் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வண்டி வாங்க வேண்டும். ஜில்லாவில் அத்தனை பணக்காரர்கள் இருந்தும் ஒருவருக்கும் அந்த ஆசை வரவில்லை. கன்னியப்பனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். வலது கைப் பெருவிரல் நகம் அந்த மாதம்தான் விழுந்தது.

கடைசியில் அவனே கிளம்பினான். கணியம்பாடியில் சுப்பராயன் என்ற நிலக்காரர் கார் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு அவர் களத்துமேட்டுக்கே போய் நின்றான். கார் என்றால் என்ன, அதில் போனால் கணியம்பாடியிலிருந்து வேலூர் எத்தனை நிமிஷம், வண்டிமாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை நோய் வரும், காருக்கு ஏன் வராது என்றெல்லாம் பேசினான். வாழ்நாளில் அவன் அவ்வளவு பேசியதில்லை. மூன்று தடவை போனான். மூன்றாம் தடவை சுப்பராயன், "சரிப்பா, நீ சொன்னப்புறம் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லே. வாங்கிடறேன்" என்றார். திரும்பும் வழியெல்லாம் கன்னியப்பன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

கார் வந்து, சுப்பராயன் பதியப் போவதாகச் சொன்ன சனிக்கிழமை, சட்டப்படி எழுதிய புதுத் தகட்டையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு, காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். வாசலில் சுப்பராயன் வந்து இறங்கினார். அவனைப் பார்த்ததும், "நீ முன்னாலேயே வந்துட்டியே, நீ போப்பா" என்றார்.

"ஐயோ, வேணாங்க ஐயா! நீங்க மொதல்ல போங்க" என்று அவரைத் தள்ளாத குறையாக மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். தான் பின்னால் ஒட்டி நின்றுகொண்டான்.

சீனிவாசன் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு. கன்னியப்பன் தன் விண்ணப்பத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டான். சுப்பராயன் நகரவில்லை. மடியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என் மாப்பிள்ளைக்கு. இந்தப் புள்ளையாண்டான் சொன்ன சொல்லுல மனசு நிறைஞ்சு போச்சு. ஒண்ணு வாங்கப் போனவன் ரெண்டா வாங்கிட்டேன்."

"சார், சார், இருங்க சார்!" என்று கன்னியப்பன் அலறினான். சீனிவாசன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியும், எட்டு மாதமாகப் பார்த்த முகம்தானே. பேனா ஒரு நொடி நின்றது. ஆனால் முன்னால் நிற்பவருடைய காகிதம் மேஜைமேல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நானூற்றுப் பதிமூன்று என்று எழுதினார்.

"அதை எங்களுக்கு மாத்தித் தரலாமா சார்? ஐயா ஒத்துக்குவார்."

"வண்டிக்கு விழுந்த நம்பர் வண்டியோடதான் போகும். மாத்தச் சட்டம் இல்லை." சுப்பராயன் போன பிறகு சீனிவாசன் குரலைத் தாழ்த்தினார். "கன்னியப்பா, நீ வர ஆரம்பிச்சதிலிருந்து இருபது வண்டி இந்த மேஜையைத் தாண்டிப் போயிருக்கு. பாதிப் பேர் என்கிட்டே டிரைவர் கிடைப்பானான்னு கேட்டுட்டுத்தான் போனாங்க. நீ ஒவ்வொரு வண்டியிலும் நம்பரைத்தான் பார்த்தே."

கன்னியப்பன் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனான். சுப்பராயன் மேல் கோபப்பட முடியவில்லை, சீனிவாசன் மேலும் முடியவில்லை. தன் வாயைத்தான் திட்டிக்கொண்டே நடந்தான். கொஞ்சம் குறைத்துப் பேசியிருந்தால் அந்த மனிதர் ஒரே ஒரு கார் வாங்கியிருப்பார்.

பாஷா எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடித் தாடியைத் தடவினார். கடைசியில், சரி, வருகிற நம்பரைப் போட்டு ஓட்டு என்று சொல்லிவிடுவார் என்றே கன்னியப்பன் நம்பினான்.

"அந்த மாப்பிள்ளை நல்லா ஓட்டுவானா?" என்று கேட்டார் பாஷா.

"தெரியாதுங்க."

"எங்கேயாவது மரத்துல கிரத்துல மோதி வண்டி வீணாப் போச்சுன்னா, அந்த நம்பர் திரும்பி வருமா? திங்கக்கிழமை போய்க் கேட்டுட்டு வா. பொறுமையா இருப்போம். அதுவரைக்கும் தொட்டில இரு."

எட்டு மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் கன்னியப்பன் வாயில் வெளியே வந்துவிட்டது.

"நம்பர் உங்களுதுங்க மொதலாளி. காரும் உங்களுது. கை என்னுது" என்று இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினான். "இன்னும் எத்தினி விரல் போனா உங்களுக்கு நம்பர் வரும்? இவ்ளோ நாளு நின்னதுக்கு நான்தான் முட்டாள். இனிமே நிக்க மாட்டேன்."

ஹேண்டிலைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தான். அவன் குரல் உயர்ந்து ஷாப்பில் கேட்டது அதுதான் முதல் தடவை. பாஷாவுக்குக் கோபம் வரவில்லை, அவன் எதற்குக் கத்தினான் என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

திங்கட்கிழமை கன்னியப்பன் வேலூருக்குப் போகவில்லை, மேல்விஷாரத்துக்குப் போனான். மக்பூல் அகமது பழையதைச் சொல்லிக் காட்டாமல் பஸ்ஸைக் கொடுத்தார். முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு. தகடு கோணலாக இருந்தது. நம்பரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் ஒரு காலை. வாணியம்பாடியிலிருந்து திரும்பி ஆம்பூர் கடைத்தெருவில் நுழைந்ததும் கன்னியப்பன் பஸ்ஸை நிறுத்த வேண்டியதாயிற்று. முன்னால் இரண்டு மாடுகள் எதையோ இழுத்துக்கொண்டு ரோட்டை அடைத்தபடி ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பாஷாவின் கார். நானூற்றுப் பதிமூன்று கிடைக்காத கார் வேண்டாம் என்று கம்பெனிக்கே திருப்பி அனுப்புகிறாராம். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தவர் பாஷாவேதான்.

"ஹாரன் அடி டிரைவரே, ஒதுங்குவாங்க!" என்று பஸ்ஸிலிருந்து யாரோ சொன்னார்கள். கேலி இல்லை, அவசரம்தான்.

கன்னியப்பன் ஹாரன் மேல் கையை வைத்தான், அடிக்கவில்லை. எட்டு மாதம் தினமும் அவன் கிளப்பி அணைத்த என்ஜின் அது. ஒரு அடிகூட ஓட்டவில்லை, இனிமேலும் ஓட்டப்போவதில்லை. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. மாட்டின் நடைக்குத் தகுந்தாற்போல் பஸ்ஸை உருட்டிக்கொண்டு ஸ்டேஷன் ரோடு திரும்பும்வரைக்கும் அந்தக் காரின் பின்னாலேயே போனான். நம்பர் தகடு மாட்டுகிற இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.