கரண்ட் எப்ப வரும்?

என் பெயர் கிளாட்சன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் குடவாசல் பக்கம். இப்போது ஷார்ஜாவில், எட்டுப் பேர் தங்கும் அறையில், மேல் கட்டிலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு இதை ஃபோனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. முதலில் கையால்தான் அடித்துப் பார்த்தேன். விடிந்துவிடும் போலிருந்தது.

என் அம்மா ஃபிளோராவுக்கும் தங்கச்சி ஜாய்ஸுக்கும் அனுப்பத்தான் ஆரம்பித்தேன். ஆனால் யார் கையில் கிடைத்தாலும் படியுங்கள். கதை கட்ட எனக்கு வராது. பட்டப்பகலில், வியர்த்து ஊற்ற, என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் அக்டோபர் மாதம். இப்போது நான் பார்க்கும் இந்த ஸ்டோர்கீப்பர் வேலைக்கு ஆன்லைனில் ஒரு பரீட்சை வைத்தார்கள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஃபோனில் எழுத முடியாது. கேமரா உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. அம்மா வயலில் நடவு நட்டுத்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அந்த வருட மழையில் அவருக்கு முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு இந்த வேலை எப்படியாவது கிடைத்தாக வேண்டும்.

குடவாசலில் மொபைல் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஃபாஜில் ஒரு பழைய லேப்டாப் கொடுத்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப். மூடியில் முத்திரை அப்படியே இருந்தது. அடியில் பெயர் எழுதிய ஸ்டிக்கரை யாரோ சுரண்டியிருந்தார்கள். உள்ளே விண்டோஸ் செவன். அப்டேட் நின்று பல வருடம் ஆன சரக்கு.

“புதுசு ஏத்திப் பாத்தேன் மாப்ள. பாதியில நின்னுடுது. இதுலயே ஓட்டு.”

“வைஃபை வருமாடா?”

“வரும், போகும். உன்னை மாதிரிதான்.”

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் மூன்று கோளாறு. பேட்டரி வீங்கியிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அடுத்தது வைஃபை. என் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் சரியாக ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை கட் ஆனது. செட்டிங்ஸில் தேடிப் பார்த்தேன். கரண்டை மிச்சப்படுத்த வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டிருந்தது. எடுத்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தால் டிக் திரும்பவும் இருந்தது. ஐந்து முறை எடுத்தேன். ஐந்து முறையும் இருந்தது.

அப்புறம் கடிகாரம். எப்போது ஆன் செய்தாலும் ஒரே நேரம்தான் காட்டும். 10 அக்டோபர் 2018, மதியம் 2:47. தேதி தப்பாக இருந்தால் இன்டர்நெட்டில் எந்தப் பக்கமும் திறக்காது. ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். கடிகாரத்துக்காக உள்ளே இருக்கும் பட்டன் செல்லை ஃபாஜில் மாற்றிப் பார்த்தான். புது செல்லுக்கும் 2:47தான்.

செவ்வாய் மாலை அவனே வந்து பேட்டரியைக் கழற்றினான்.

“வெடிச்சா மூஞ்சி போயிடும் மாப்ள. ஏற்கனவே சுமார் மூஞ்சி. சார்ஜர்லயே போட்டு எழுது.”

பேட்டரியை வீட்டுக்குள் வைக்கப் பயந்து, கொல்லையில் கொய்யா மரத்தடியில் வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன். காலை 9:04. கரண்ட் போனது.

மாதாந்திர ஷட்டவுன். சாயங்காலம் ஐந்து மணி வரை வராது. நான் வியாழக்கிழமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபாஜிலைக் கூப்பிட்டேன்.

“செத்தேன்டா. ஷட்டவுன்.”

“பதறாத. கடையில இன்வெர்ட்டர் இருக்குல்ல? ஒன்றரைக்கு வந்து தூக்கிட்டுப் போறேன்.”

1:30. ஃபாஜில் வரவில்லை. ஃபோனில் சிக்னலும் இல்லை. கரண்ட் போய் நாலு மணி நேரம் ஆனால் எங்கள் ஊர் டவரும் படுத்துவிடும். அம்மா வயலில். ஜாய்ஸ் பள்ளிக்கூடத்தில். மூன்று மணி வரை பஸ் கிடையாது. கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

1:46. மேசையிலிருந்து ஒரு சத்தம்.

விர்ர்ர்...

லேப்டாப் ஃபேன். திரையில் வெளிச்சம்.

கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்தேன். “இயேசுவே, ஸ்தோத்திரம்” என்று சத்தமாகவே சொன்னேன். அண்ணாந்து பார்த்தேன். சீலிங் ஃபேன் சுற்றவில்லை.

சார்ஜரைப் பார்த்தேன். அது சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. என் விரல் உள்ளே போனது. ஜிவ்வென்று ஒரு சின்ன ஷாக்.

கடிகாரம் 2:47 காட்டவில்லை. 1:48 காட்டியது. சரியான நேரம்.

வைஃபை... ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சுடர் ஹோம். முழு சிக்னல். பாஸ்வேர்டு கேட்காமல் தானாகவே கனெக்ட் ஆனது. ஊரில் ஒரு வீட்டில்கூடக் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயரில் யாரும் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். தெரியும். ஆனால் அம்மாவின் முட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

உட்கார்ந்தேன். எழுதினேன்.

நாற்பது நிமிடம். வைஃபை ஒருமுறைகூடக் கட் ஆகவில்லை. 2:40-க்கு முடித்து அனுப்பினேன். பச்சை டிக் வந்தது.

2:43. மவுஸைத் தொடவில்லை. நோட்பேட் திறந்தது.

எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

‘கரண்ட் எப்ப வரும்?’

நான் அசையவில்லை.

‘கரண்ட் எப்ப வரும்?’

ஸ்பீக்கரில் தண்ணீர் சொட்டும் சத்தம். டொப்... டொப்...

‘சொல்லு. கரண்ட் எப்ப வரும்?’

பதில் சொன்னால் போய்விடும் என்று தோன்றியது. அடித்தேன்.

‘5 மணிக்குத்தான்.’

2:45. தகரக் கதவு திறக்கும் சத்தம்.

ஈரத்தில் நடக்கும் காலடி.

வளையல் சத்தம்.

2:47.

டப்.

எல்லாம் அணைந்தது. முடி கருகும் வாடை.

ஃபாஜில் மூன்று மணிக்கு வந்தான். டயர் பஞ்சராம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. கிளம்பும்போது புது பேட்டரி போட்டு, லேப்டாப்பை ஜாய்ஸிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அதைக் குளத்தில் எறிந்திருப்பார். ஜாய்ஸுக்குப் படிக்க வேறு கம்ப்யூட்டர் இல்லை. அதை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு ஜாய்ஸ்.

நேற்று ஊரில் மறுபடி ஷட்டவுன். ஜாய்ஸ் லீவில் வீட்டில் இருந்தாள். ஜாய்ஸ் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வேலை முடிந்துதான் கேட்டேன்.

“அண்ணே, நீயா? அங்கேருந்து என் லேப்டாப்ல நோட்பேட தொறந்து வெளாடுறியா? கரண்ட் எப்ப வரும், கரண்ட் எப்ப வரும்னு ஒரே தொல்லை. அஞ்சு மணின்னு அடிச்சேன். கொஞ்ச நேரத்துல டப்புனு ஆஃப் ஆயிடுச்சு. மணி ரெண்டே முக்கால் தாண்டி இருக்கும்.”

உடனே ஃபாஜிலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த லேப்டாப் யாருடையது என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். இன்று காலை கூப்பிட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

“திருத்துறைப்பூண்டி பக்கம் மாப்ள. சுடர்விழின்னு ஒரு பொண்ணு. வீட்டு லைன்ல ஏதோ கோளாறு. அதனால வயல் மோட்டார் கொட்டகையிலதான் லேப்டாப்புக்கு சார்ஜ் போடுமாம். அங்க வயரு அறுந்து கெடந்துருக்கு. 2018 அக்டோபர்ல ஒரு நாள் ஷட்டவுன். கரண்ட் வர்றதுக்குள்ள சேத்துடலாம்னு, அவங்க அண்ணனுக்கு சாட்ல கேட்டுருக்கு, கரண்ட் எப்ப வரும்னு. அவன் அஞ்சு மணிக்குத்தான்னு அனுப்பிட்டான்.”

“அப்புறம்?”

“அன்னைக்கு சீக்கிரமா வந்துடுச்சு மாப்ள. வயரு அது கையிலதான் இருந்துருக்கு.”

மணி எத்தனை என்று நான் கேட்கவில்லை.

“அவ அண்ணன் எங்கடா இருந்தான்?”

“ஷார்ஜாவுல.”

அடுத்த மாதமும் ஷட்டவுன் வரும். ஜாய்ஸ், அந்த லேப்டாப்பைத் தொடாதே. அம்மா, அவளைத் தனியாக விடாதீர்கள். இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். கரண்ட் இல்லாத நேரத்தில், எப்ப வரும் என்று யார் கேட்டாலும் மணி சொல்லாதீர்கள். ‘எப்ப வேணாலும் வரும், வயரைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லுங்கள்.