சனிக்கிழமைக் கோழி

அப்பா இன்று காலை இறந்துவிட்டார். சாயங்காலமே எடுத்துவிட்டோம்.

சனிக்கிழமைச் சாவு என்பதால் பாடையில் உயிரோடு ஒரு கோழியைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் சனி வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிப்போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானே வாங்கக் கிளம்பினேன்.

அலங்காநல்லூர் கறிக்கடையில் நாட்டுக்கோழி கேட்டேன்.

"வெட்டிரவாண்ணே?"

"வேணாம். உசுரோட வேணும்."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "யாருண்ணே?"

"அப்பா."

கோழியின் காலைக் கட்டி, "ரொம்ப இறுக்கலண்ணே" என்று கொடுத்தார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

போன வாரம் இங்கே ஃபேஸ்புக்கில் கிரகப் பெயர்களைப் பற்றி எழுதியிருந்தேன். நாம் பயப்படும் சனி கிரகத்துக்கு ரோமானியர்கள் வைத்தது சாட்டர்ன் என்ற விதைப்புக் கடவுளின் பெயர். கையில் அரிவாள் வைத்திருப்பார். ஆயுசு முழுக்க நெல் விதைத்த அப்பா, "இவரு நம்ம ஆளுடா" என்று கமெண்ட் போட்டிருந்தார்.

அப்பாவைக் கூட்டிப்போக வந்தது அந்த சாட்டர்ன் என்றால், இரண்டு பேரும் நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிருப்பார்கள். கோழிக்கு வேலையே இல்லை.

சுடுகாட்டில் அவிழ்த்துவிட்டதும் கோழி என் வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அத வெரட்டிட்டு வாப்பா, வீட்டுக்குக் கொண்டாந்துராத" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா முன்னால் போய்விட்டார்.

வந்தது எந்தச் சனி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் இன்னும் வண்டியை எடுக்கவில்லை.