அஞ்செட்டிக் குகையில்

கல்லூரித் துறைத்தலைவர்களுக்கு ஓசூரில் ‘தலைமையும் படைப்பாற்றலும்’ என்று பயிற்சி. போகும் வழியில், அஞ்செட்டி தாண்டிப் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத்தில் அந்தப் பாறைக்குகை. துறைத்தலைவராவதற்கு முன் நிலவியல் மாணவர்களை ஆண்டுதோறும் இங்கேதான் அழைத்துவருவேன். கால்கள் தாமாக உள்ளே போகின்றன.

நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருக்கும் அக்கா என்னை அடையாளம் கண்டுகொள்கிறார்.

“பசங்க வரலீங்களா மேடம்?”

“இப்பல்லாம் ஆபீஸ் வேலைதான்க்கா.”

“இந்தக் கொகை எப்படி ஆச்சுன்னு அவங்களுக்குச் சொல்லுவீங்களே, எனக்கும் சொல்லுங்க.”

பாறையைத் தொட்டபடி தொடங்குகிறேன். “விரிசல்ல மழைத்தண்ணி எறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா மண்ணாக்குதுங்க. அந்த மண்ணு கரைஞ்சு போயிடுது...”

டயர் மாற்றி முடித்த பேருந்து ஹாரன் அடிக்கிறது.

“அப்புறம்?” என்கிறார் அக்கா.

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டு வெகுநாளாகிறது. பேருந்தைப் போகச்சொல்லிக் கையசைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்காருகிறேன்.