எனக்குத் தெரியக்கூடாத கார்

முதல் அழைப்பு வந்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் நின்றிருந்தேன். மகளின் கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தன. பெண்ணைப் பெற்றவன் கட்டும் வேட்டிக்கு நான்கு விரல் கரை வேண்டும் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். யாருடைய விரல் என்று சொல்லவில்லை.

"வணக்கம் அங்கிள்," என்றது ஒரு பெண்குரல். வானொலி அறிவிப்பாளர்போல நல்ல தமிழ். என் வருங்கால மருமகனின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அவரு கார் லோன் மூணு மாசமா கட்டல அங்கிள். போனும் எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்க பெரியவங்க, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"அவருகிட்ட காரே இல்லையேம்மா. கிள்ளான்லேர்ந்து கொமுட்டர் ரயில்லதான் வராரு."

"உங்ககிட்ட அப்படியா சொல்லி வச்சிருக்காரு?"

அந்தக் குரலில் என்மேல் பரிதாபம் இருந்தது. வேட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு கடன் கம்பெனியிலிருந்து தினமும் அழைத்தார்கள். காலையில் அந்தப் பெண், மதியம் மலாய் பேசும் ஒருவர், மாலையில் இன்னொரு தமிழர். அந்தத் தமிழருக்கு நான் அங்கிள் இல்லை, பாஸ்.

"பாஸ், கல்யாணம் வச்சிருக்கீங்கல்ல? மண்டபம் எங்கன்னு நமக்குத் தெரியும். மாப்பிள்ள வந்து எறங்குற நேரம் நம்ம பசங்க காரத் தூக்குற டோ லோரியோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்? சொந்தக்காரங்கல்லாம் பாப்பாங்க லா."

நல்லா இருக்காது. அதை அவர் எனக்கு விளக்கவே வேண்டாம். ரசத்தில் உப்பு இல்லாத ஒரு கல்யாணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசுகிறார்கள். டோ லோரி வந்த கல்யாணம் என்றால் என் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும்.

போனின் மணியை அணைத்து வைத்தேன். அது சட்டைப்பையில் அதிர்ந்தது, கூடவே நானும். யார் என்று மனைவி கேட்டால் இன்சூரன்ஸ் என்றேன். இன்சூரன்ஸ்காரர்கள் இத்தனை ஆர்வமாக இருப்பதை அவள் நம்பவில்லை. மகள் வேறு மாதிரி யோசித்தாள்.

"போன் வந்தா பாத்ரூமுக்கு ஓடுறீங்க. கேர்ள்ஃபிரண்டாப்பா? கல்யாணம் முடியட்டும், அம்மாகிட்ட நானே பேசுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கையில் அன்றுதான் தைத்து வந்த ரவிக்கை. அந்த நேரத்தில் எதை எடுத்துச் சொல்வது?

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் படிக்கப் போவேன். தவணைக் கார் பற்றிய சட்டத்தைத் தேடி எடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இருபத்தொரு நாள் அவகாசம் தராமல் காரைத் தொடக்கூடாதாம். காரைத் தூக்க வருபவரிடம் அனுமதி அட்டை இருக்க வேண்டுமாம். அந்த நாள்களுக்குள் நாமே காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் தூக்கும் செலவை நம் தலையில் கட்ட முடியாதாம். மிரட்டக்கூடாது. முக்கியமாக, ஒருவருடைய கடனை அதில் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளிடம் சொல்லவே கூடாது.

மூன்றாவது ஆள் நான்தான். சட்டம் மாப்பிள்ளையைக் காப்பாற்றியது, காரையும் காப்பாற்றியது. ஆனால் தெரிந்துவிட்டதைத் தெரியாததாக ஆக்க அதில் ஒரு பிரிவும் இல்லை. புகார் எழுதலாம்தான். அவருடைய கணக்கைப் பற்றி அவரைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

மாப்பிள்ளை அங்கே துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அது அண்ணன் ஓட்டுற கார் அங்கிள். அவரு பேரு பேங்க்ல கெட்டுப்போச்சு, லோன் கெடைக்காது. பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போக வண்டி வேணும், உன் பேர மட்டும் குடு, மாசா மாசம் நான் கட்டிடுறேன்னாரு. குடுத்தேன். போன வாரம் நோட்டீஸும் வந்துடுச்சு, இப்ப நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிறாரு."

ஏணி இரவல் கொடுப்பதுபோல நம்மவர்கள் பெயரை இரவல் கொடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஏணியாவது திரும்பி வரும்.

"சரி, என் நம்பர் எப்படி அவங்களுக்குப் போச்சு?"

அவர் தயங்கினார். பிறகு தன் போனைத் திறந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையைக் காட்டினார். மண்டபம், நேரம், வரைபடம், அடியில் தடித்த எழுத்தில் என் பெயரும் எண்ணும். எண் வேண்டாம்பா என்று மகள் சொல்லியிருந்தாள். நான்தான் போட்டேன். போட்டதோடு நிற்காமல் ஊரே பார்க்கட்டும் என்று முகநூலிலும் ஏற்றினேன். அவர்கள் துப்பறியவே இல்லை. சுற்றமும் நட்பும் சூழ வருமாறு நானே அழைத்திருக்கிறேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கலாம்னு..."

"முடிஞ்ச பிறகு அவ என்ன செய்ய முடியும்?"

கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீங்களே சொல்லிடுங்க மாமா." அதுவரை அங்கிளாக இருந்தவன் பயத்தில் மாமாவாகிவிட்டேன்.

"என்னால முடியாது. சட்டப்படி எனக்கு இது தெரியவே கூடாது."

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கே தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து கடன் கம்பெனியின் மேலிடத்துக்குப் புகாரை எழுதினோம். யார் எப்போது அழைத்தார்கள், என்ன மிரட்டினார்கள் எல்லாவற்றையும் சேர்த்து, அவர் பெயரிலேயே அனுப்பினார். இரண்டு நாளில் என் போன் அடங்கியது. என் மனம்தான் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளும் அவரும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அது மரண அறிவித்தல் பக்கம் என்பதை மனைவிதான் கவனித்தாள்.

கதவு திறந்தது. மகள் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"அதான் இன்சூரன்ஸா?"

தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"கடன் இருந்துட்டுப் போகட்டும்பா, நானும்தான் சம்பாதிக்கிறேன். ஆனா இவரு அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்லுவாரா? எனக்கு அது தெரியணும்." அவர் பக்கம் திரும்பினாள். "நோட்டீஸ்ல குடுத்த இருபத்தொரு நாள் இன்னும் முடியல. நாளைக்கு லீவு போடுங்க, ரவாங்ல அண்ணன் வீட்டுக்குப் போவோம். சாவிய நீங்கதான் கேக்கணும். நான் வாயத் தொறக்க மாட்டேன். கேக்க முடியலன்னா மண்டபம் வேணாம்னு மண்டபத்துக்காரருகிட்ட நானே பேசிக்கிறேன்."

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மறுநாள் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என்னை வாட்ச்மேன் வேலைக்குச் சேர்த்துவிட்டார்களா என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். சாயங்காலம்தான் மகள் கூப்பிட்டாள்.

"அண்ணே சாவியக் குடுத்துட்டாருப்பா. இவருக்கு முதல்ல பேச்சே வரல. அண்ணே சத்தம் போட்டாரு. இவரு மறுபடி கேட்டாரு, அப்புறமும் கேட்டாரு. வண்டிய கடன் கம்பெனி யார்டுல விட்டு ரசீது வாங்கிட்டோம். கார ஏலம் விட்டது போக மிச்சம் இருக்கிற கடன நாங்க ரெண்டு பேரும் கட்டணும். அண்ணே கல்யாணத்துக்கு வரமாட்டாராம். அண்ணி அழுதாங்க. சாப்பாட்டுல அவங்க குடும்பத்தக் கொறச்சிடுங்க."

சமையல்காரரின் எண்ணை எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை அப்போதுதான் மேடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாடகைக் கார் வந்து நின்று, அதிலிருந்து அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் இறங்கினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளைங்க கேட்டுச்சுங்க, அதான்," என்றார்.

"வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அவர்கள் உள்ளே நுழைந்ததும் மேடையில் மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். ஐயர் அவர் தோளைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தார்.