லீவு ஜாஸ்தி கொடுத்த கம்பெனி

கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டில், சுப்புராயனுக்கு மோட்டார் வைண்டிங் கடை. கோடையில் வோல்டேஜ் இறங்கினால் போதும், சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் புகைந்துபோய் அவரிடம் வந்து சேரும். மலைமேல் கரியாலூரிலிருந்தும் பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள். எரிந்த கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவார். வார்னிஷ் காய்ந்ததும் ஓடவிட்டு, மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு ஏறினால் உடனே நிறுத்திவிடுவார். சென்னையிலிருந்து மகள் மணிமொழி வந்து இறங்கினாலும் அதே புறங்கை அவள் நெற்றிக்குப் போகும்.

பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மடங்கிக்கொண்டன. கடையை மூடியாயிற்று. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனார். மென்பொருள் சோதனை வேலையிலிருந்த மணிமொழி தன் பழைய டேப்லெட்டில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனியை நடத்துகிற விளையாட்டு. ஒரு ஷெட்டில் ஒற்றை ஆளாகத் தொடங்கி வளர வேண்டும். மோட்டார் தகடுகளைப் படித்துப் பழகிய ஆங்கிலம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கம்பெனிக்குக் கோமுகி என்று அந்தப் பக்கத்து ஆற்றின் பெயரை வைத்தார்.

முதல் கேமுக்கு விவசாயத்தையும் திகிலையும் சேர்த்துவிட்டார். விளையாட்டுக்குள் வரும் விமர்சகர்கள் பத்துக்கு ஒன்று, இரண்டு என்று மதிப்பெண் போட்டார்கள். சாயங்காலம் போனில் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“கரண்டு இல்லாத வெள்ளாமையில திகிலுக்கு இன்னாம்மா கொறச்சல்? வெளையாடிப் பாக்காமலே மார்க்கு போட்டுக்கினு இருக்கானுங்க.”

அவள் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். கருவுக்குப் பொருத்தமான வகை. ஒரே சேர்க்கையை அடுத்தடுத்துச் செய்யக்கூடாது. ஒரு கேம் வெளியானதும் அதில் என்ன தேறியது என்று ஆராய்ந்துவிட்டுத்தான் அடுத்தது. கையில் பணம் வற்றினால் வெளியார் தரும் சில்லறை வேலைகளைச் செய்து ஓட்ட வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய ஆபீசுக்குப் போகக்கூடாது, ஆளும் எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். மடங்கின விரல் மெல்ல நிமிர்ந்து திரையைத் தொட ஆரம்பித்தது.

“அப்பனும் பொண்ணும் கம்பெனி நடத்துறீங்க. வூட்ல பாலு இல்ல” என்று குத்திக்காட்டுவார் மணிமொழியின் அம்மா பெரியநாயகி.

கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதல் ஆளை வேலைக்கு எடுத்தார். அந்த ஆளின் பெயரை மணிமொழி என்று மாற்றினார்.

“எனக்கு எவ்ளோப்பா சம்பளம்?”

“இருக்கறதுலயே கம்மி. ஆனா லீவு ஜாஸ்தி.”

அந்த ஒன்றில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேலை செய்யச் செய்ய ஆள் களைத்துப்போவதைத் திரையில் ஒரு பட்டை காட்டும். ஆரம்பத்தில் கேமை முடித்து வெளியிட்ட பிறகுதான் லீவு தர வேண்டும், நடுவில் அனுப்பினால் வேலை அப்படியே நின்றுபோகும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. பட்டை லேசாகக் குறைந்தாலே அனுப்பிவிடுவார். கோமுகி இரண்டு முறை திவாலானது. மூன்றாவது முறையும் ஷெட்டிலிருந்தே தொடங்கினார்.

“நான் சொல்றத கேளுப்பா. அது வெறும் பொம்மை.”

“பேரு வச்சிட்டேனே” என்றார்.

வைகாசியில் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். திங்கட்கிழமை மணிமொழி ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். அத்தனை நாளும் அவள் அழவில்லை. சரியாகத் தூங்கவும் இல்லை. மத்தியானம் அவர் கட்டிலில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். அவர் விட்ட இடத்திலேயே கோமுகி நின்றது. பணம் அடிமட்டத்தில் இருந்தது. பாதி முடிந்த கேம் ஒன்று. மேசையில் மணிமொழி, பட்டை பாதிக்கும் கீழே.

அவளுக்கு வழி தெரியும். அந்த ஆளை மேசையிலிருந்து எழுப்பாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் கேம் வெளியாகும், கம்பெனி பிழைக்கும். அவர் தொடங்கியதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். இப்போது லீவு கொடுத்தால் இதுவும் மூடிவிடும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லீவைத் தொட்டாள்.

திரையில் அந்தச் சின்ன உருவம் நாற்காலியை விட்டு எழுந்து கதவு வழியாக வெளியே போனது. பணம் சிவப்பில் இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள். போனை எடுத்து, இன்னும் ஒரு வாரம் வர முடியாது என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினாள். அப்போதுதான் கண் நிறைந்து வழிந்தது.

பெரியநாயகி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார்.

“இன்னா ஆச்சு, ஒங்கப்பன் கம்பெனி?”

“எனக்கு லீவு குடுத்துடுச்சும்மா.”

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் தலையணையைச் சரிசெய்து போட்டார். மணிமொழி படுத்தாள். பொழுது சாயும்வரை அவளை யாரும் எழுப்பவில்லை.