தூண் வீட்டின் கீழ்த்தளம்

நான் கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன், அதாவது தூண், சுவர், அஸ்திவாரக் கணக்கு செய்தவள். மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டுவதற்காக சுயம்பு அண்ணாச்சி என்னிடம் வந்தார். உடன்குடிக்காரர், கருப்பட்டி வியாபாரி. வெள்ளத்தில் அதே இடத்திலிருந்த பழைய வீடு மூழ்கி, மனைவி பொன்னுத்தாயோடு இரண்டு நாள் அடுத்த வீட்டு மாடியில் இருந்தவர்.

"இன்ஜினியரம்மா, எட்டடிக்குத் தூண் போட்டு, அதுக்கு மேல வீட்டை வச்சிருங்க. தண்ணி பாட்டுக்கு அடியில போயிரும்."

அப்படியே வரைந்தேன். கம்ப்யூட்டரில் நிலநடுக்க லோடு கொடுத்தபோது கீழ்த்தளம் மட்டும் பக்கவாட்டில் அதிகம் நகர்ந்தது. மேலே சுவர்களோடு கனமான வீடு, கீழே வெறும் தூண்கள். இதை 'சாஃப்ட் ஸ்டோரி', வலுவில்லாத தளம் என்போம்; அதிர்ந்தால் முதலில் மடிவது அதுதான்.

"நம்மூர்ல பூமி அதிருமா?" என்று சிரித்தார்.

"ஒரு தடவை அதிர்ந்தா போதுமே அண்ணாச்சி."

கீழே கான்கிரீட் சுவர் வைத்தால் அதிர்வைத் தாங்கும். ஆனால் வெள்ளம் அதில் மோதும். சரி, வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டேன்.

"நாலா பக்கமும் தண்ணிதான் தெரிஞ்சுது" என்றார் அவர். எதிர்வீட்டு செல்விக்குத் தெரிந்திருந்தது.

"எங்க கோழிக்கூடு மேக்க இருந்து கெழக்க போச்சுக்கா. அந்தா, அந்த வேலியிலதான் எடுத்தோம்."

வேலியோரமாக நடந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்திலும் மேற்குப் பக்கத்தில்தான் வைக்கோலும் பாலிதீனும் சுற்றிக்கிடந்தன. எனக்கு ஒரே உற்சாகம். நீளச் சுவர்களைக் கிழக்கு மேற்காக, நீரோட்டத்தின் போக்கிலேயே வைத்தேன். குறுக்கு அதிர்வைத் தாங்க, இரு ஓரங்களிலும் நீளம் குறைந்த ஒவ்வொரு சுவர் மட்டும். மண் அரித்தாலும் தாங்கும்படி அஸ்திவாரத்தை ஆழமாக்கினேன்.

குடியேறி ஆறு மாதம் கழித்துப் போனால், கீழ்த்தளத்தைச் சுற்றிலும் செங்கல் வைத்து அடைத்து, ஷட்டர் போட்டிருந்தார். உள்ளே கருப்பட்டிச் சிப்பங்கள்.

"எடம் சும்மாதானம்மா கெடந்துச்சு!"

"இனி தண்ணி எப்படிப் போகும் அண்ணாச்சி? சுவர்ல மோதி வீட்டையே தள்ளும்."

அவர் மசியவில்லை. படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய் கீழே இறங்கி வந்தார்.

"இடிச்சுப் போடுங்க. இன்னொரு தடவை அடுத்தவங்க மாடியில போயி நான் உக்கார மாட்டேன்."

அந்த வாரமே செங்கல் சுவரை இடித்தார்கள். அடுத்த பெருமழையில் முட்டளவுத் தண்ணீர் வீட்டுக்கடியில் புகுந்து கிழக்கே வெளியேறியது. மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. நிலநடுக்கம் இதுவரை வரவில்லை. அந்தக் கணக்கு சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அண்ணாச்சி மேல் கோபப்பட்டேனே தவிர, தவறு என்னுடையது. சுவர் எங்கே வேண்டும் என்று விளக்கிய நான், மற்ற இடங்களில் ஏன் கூடாது என்று சொல்லவேயில்லை. அதற்குப் பிறகு, வீட்டில் குடியிருக்கப்போகும் எல்லோரையும் உட்காரவைத்து அதைச் சொல்லாமல் எந்த வரைபடத்தையும் கொடுத்ததில்லை.